சரணத்தை வெட்டினால் யார் கூப்பிடுவார்கள்?

வானொலி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

உங்களில் ஒருத்தி போன கிழமை எனக்குத் தொலைபேசி எடுத்து, "அன்ரி, பழைய ஹிப்-ஹொப்புக்கு விளம்பர வானொலியிலை இனி எதிர்காலம் இருக்கோ? உங்கடை அனுபவத்திலை இருந்து எங்களுக்கு ஏதாவது எழுதித் தாங்கோவன்" என்று கேட்டாள். எதிர்காலம் கேட்பதென்றால் சாத்திரியாரிடம் அல்லவா போக வேண்டும்? நான் ஓய்வுபெற்ற மனுஷி. காலையில் எழும்பி, கோப்பி போட்டு, யன்னலால் பனி கொட்டுவதைப் பார்த்து ஏசிக்கொண்டிருப்பவள். ஆனாலும் கேட்டுவிட்டாள். யாராவது கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இல்லை.

பாட்டுகளை எப்படி அடுக்குவது, ஒரே குரல் அடுத்தடுத்து வராமல் எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் இதில் வராது. அதை உங்கள் கணினி சொல்லித் தரும், என்னைவிடப் பொறுமையாகவும் சொல்லும். மேலதிகாரி உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, எல்லாரும் ஒரு பக்கமாகத் தலையாட்டும்போது, எதை நம்புவது என்பதை எந்தக் கணினியும் சொல்லாது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் ஆட்டிறைச்சி ரோல்ஸும் கதையில் வரும்.

நான் வேலை செய்தது ஒஸ்லோவில் ஒரு தனியார் அலைவரிசையில். எஃப்.எம். போய் டிஜிட்டல் வந்தபிறகு சின்னச் சின்ன அலைவரிசைகளுக்கும் இடம் கிடைத்தது அல்லவா, அப்படிக் கிடைத்த இடத்தில் முளைத்த ஒன்று. பழைய ஹிப்-ஹொப் மட்டும்தான் போடுவோம். நான் விளம்பர நேரம் பதிகிற வேலைக்குத்தான் போனேன். பாட்டு அட்டவணை போட்டுக்கொண்டிருந்த பெண் பிள்ளைப்பேற்று விடுமுறையில் போக, "கொஞ்ச நாளைக்கு நீ பார்த்துக்கொள்" என்றார்கள். ஓய்வு பெறும்வரை பார்த்துக்கொண்டேன். சொந்தக்காரர் யாராவது கேட்டால் என் மனுஷன், "அவ வானொலியிலை கணக்குப் பகுதி" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. முதல் நாள் அந்தப் பாட்டைக் கேட்டபோது, யாரோ ஒருவர் பக்கத்து வீட்டுக்காரனை வேலிக்கு மேலால் எட்டி ஏசுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் ஊர் வேலிச் சண்டையில் இவ்வளவு எதுகை மோனை வராது. அதில் ஒரு மதிப்பு வந்தது. பிடிக்குமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நான் யாழ்ப்பாணத்தாள். கேட்டால், "ஓம், நல்லாயிருக்கு" என்றுதான் சொல்லுவேன். அந்தப் பதிலை நம்பலாமா கூடாதா என்பதுதான் இந்தக் கதையே.

முதலில் ஒரு சின்னச் சம்பவம். நான் அட்டவணை போடத் தொடங்கிய புதிதில், கெட்ட வார்த்தைகளை வெட்டி எடுத்த ஒரு பாட்டை எங்கோ இருந்து எடுத்துக் காலையில் போட்டுவிட்டேன். வெட்டியவர் யாரோ, சோம்பேறி. ஒவ்வொரு சொல்லாக வெட்டப் பஞ்சிப்பட்டு மூன்றாவது சரணத்தையே முழுதாகத் தூக்கிவிட்டார். எனக்கு அது தெரியாது. பாட்டு முடிந்தவுடன் தொலைபேசி அடித்தது. பாலர் பாடசாலைத் தலைமை ஆசிரியை ஒருவர், நோர்வேஜியப் பெண். பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

"மன்னிக்க வேண்டும். ஏதாவது கூடாத வார்த்தை வந்துவிட்டதா?" என்றேன்.

"வரவில்லை. அதுதான் நான் கூப்பிட்டேன். மூன்றாவது சரணம் எங்கே?"

அந்தச் சரணத்தை அவர் தொலைபேசியிலேயே முழுதாக ஒப்புவித்துக் காட்டினார், ஒரு கெட்ட வார்த்தையும் தவறவில்லை. பிறகு, "பிள்ளைகள் சாப்பிடுகிற நேரம், வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு அதை எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அதற்குள் இருந்த பாடம் எனக்குப் பிடிபட வருடக்கணக்காயிற்று.

இனித்தான் பெரிய கதை.

எங்கள் காலை நிகழ்ச்சியை நடத்துகிறவள் தர்ஷினி. சின்னப் பிள்ளையாக வந்து ஒஸ்லோ ஓரத்து ஹவுகன்ஸ்டுவா மாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் போகிற வயதில் வானொலியில் வரும் ஹிப்-ஹொப்பைக் கசெற்றில் பதிந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கூடச் சேர்ந்து சொல்லுவாளாம். தாய் மனுஷி வீட்டுக்கு வருகிற ஆட்களிடம், "மெல்லமாக் கதையுங்கோ, பிள்ளை இங்கிலீஷ் பாடமாக்குது" என்பாவாம். அப்படி வளர்ந்தவள் இப்போது அதே பாட்டுகளைப் போட்டு, அதே குடியிருப்புப் பேச்சு நோர்வேஜியத்தில் ஒஸ்லோவை எழுப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் பிள்ளை ஒன்று காலை நேரத்தில் அந்த ஒலிவாங்கிக்கு முன்னால் இருப்பதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க எனக்கு நெஞ்சு நிமிரும். சொன்னால் தலைக்கேறிவிடும் என்று சொல்லவில்லை.

நிலையத்தின் முதலாளிகள் வேறு நகரத்தில் இருந்தார்கள். ஒருநாள் அவர்கள் ஓர் ஆலோசகரை அனுப்பினார்கள். கழுத்தில் சால்வை, கையில் தண்ணீர்ப் போத்தல், வாயில் புன்னகை. வந்த மனிதர் திரையில் படம் காட்டினார். பழைய ஹிப்-ஹொப் கேட்டவர்களுக்கு வயதாகிவிட்டது. இளம் பிள்ளைகள் பாட்டைக் கைபேசியில் கேட்கிறார்கள். விளம்பரம் தருகிறவர்களோ பல் வைத்தியர்கள், கண்ணாடிக் கடைக்காரர்கள், குசினி அலுமாரி செய்கிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது அமைதி. ஆகவே இனி மென்மையான காதல் பாட்டுகள். மென்மையான காதல் பாட்டுக்கு ஹவுகன்ஸ்டுவாக் குரல் பொருந்தாதாம். அதாவது தர்ஷினிக்கு வீட்டுக்குப் போகிற வழி.

எங்கள் நிகழ்ச்சித் தலைவி பெரித் நல்ல மனுஷி. பயம் வந்தால் மேசை இலாச்சியிலிருந்து ஒரு கரட்டை எடுத்துக் கடிப்பாள். அன்றைக்கு முழுக்கரட்டையும் கடித்து முடித்துவிட்டு ஒரேயொரு விட்டுக்கொடுப்பை வாங்கினாள். நேயர்களைக் கூப்பிட்டு இரண்டு வகைப் பாட்டையும் கேட்கவிட்டுப் புள்ளி போடச் சொல்வது. ஹிப்-ஹொப் தெளிவாக முன்னால் நின்றால் தர்ஷினியின் காலை நிகழ்ச்சி தப்பும். நிற்காவிட்டால் புதுவருடத்தோடு அது முடிந்துவிடும்.

ஹவுகன்ஸ்டுவாப் பக்கம் ஒரு மண்டபம் எடுத்தோம். அதற்கு மேல்தான் கஷ்டம். நொவெம்பர் மாதத்துச் சேற்றிலும் இருட்டிலும் வேலை முடிந்து வீட்டுக்குப் போன நோர்வேஜியரைத் திரும்ப வெளியே எடுப்பதென்பது நடக்கிற காரியமா? வருகிறோம் என்றவர்களும் தடிமன், காய்ச்சல் என்று ஒவ்வொருவராகக் கழன்றார்கள். பெரித் இலாச்சியைத் திறந்தாள். கரட் முடிந்துபோயிருந்தது. அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், "ஆட்களை நான் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

கள்ளமாக யாரையும் கூப்பிடவில்லை. உண்மையாகவே தர்ஷினியின் நிகழ்ச்சியைக் கேட்கிற எங்கள் சனத்தைத்தான் கூப்பிட்டேன். அவளுடைய வயதுக்காரர், இங்கேயே படித்து வளர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், ஒரு சில திருகோணமலையார். தாதிகள், கணக்காளர், பஸ் ஓட்டுகிறவர்கள், சீலன் என்கிற பல் வைத்தியர். சீலன் எங்கள் நிலையத்துக்கு விளம்பரமும் தருகிறவர். வருவோம் என்ற ஒரு சில நோர்வேஜியரும் சொன்னபடி வந்தார்கள். மண்டபம் நிறைந்துவிட்டது.

பெரித் வாஃபல் சுட ஏற்பாடு செய்திருந்தாள், ஆனால் சோதனை முடிந்தபிறகு கொடுப்பதாக. அதுதான் இந்த நாட்டு வழக்கம். முதலில் வேலை, பிறகு வாஃபல். எனக்கு அது மனசுக்கு ஒத்துவரவில்லை. சனம் வேலைத்தலத்திலிருந்து நேரே வருகிறது. பசித்த வயிற்றோடு இருத்திப் பாட்டுக் கேள் என்று சொல்வதா? நான் கூப்பிட்ட ஆட்கள் அல்லவா? முதல் நாளே இருந்து ஆட்டிறைச்சி ரோல்ஸும் உழுந்து வடையும் செய்து, பெரிய கேத்தலில் தேத்தண்ணியும் கொண்டுபோய், வாசலில் நின்று ஒவ்வொருவராகச் சாப்பிட வைத்துத்தான் உள்ளே விட்டேன்.

கார்த்திக் ஒருத்தர்தான் கேட்டார். கார்த்திக் சென்னையிலிருந்து வந்து எங்களிடம் நேயர் ஆய்வு பார்க்கிற பொடியன். "அக்கா, டெஸ்டுக்கு முன்னாடி சாப்பாடு குடுத்தா ரிசல்ட் மாறிடாதா?" என்றார்.

"தம்பி, உங்கடை ஊரிலை ஆக்களை வரச்சொல்லிப்போட்டுப் பட்டினி போடுறவையோ?" என்று கேட்டேன். பாவம், ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு கணினிக்குப் பின்னால் போய் இருந்துவிட்டார். சரியான கேள்வி கேட்கிறவரின் வாயை ரோல்ஸால் அடைக்காதீர்கள், பிள்ளைகளே.

சோதனை தொடங்கியது. ஆளுக்கு ஒரு சின்னக் கருவி, ஒன்றிலிருந்து ஐந்து வரை பொத்தான்கள். பாட்டின் ஒரு துண்டு ஒலிக்கும், பிடித்த அளவுக்கு அமத்த வேண்டும். முதலில் ஹிப்-ஹொப் துண்டு ஒன்று. எங்கள் சனம் தலையாட்டி, தோளாட்டி, ஐந்தை அமத்தியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்தது ஒரு காதல் பாட்டு. ஒருவர் கண்ணீர் விட்டு இழுக்கிறார், பின்னால் பியானோ அழுகிறது. எங்கள் சனம் என்ன செய்தது? தேத்தண்ணிக் கேத்தலோடு சுவரோரம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தது. சிரித்தது. கருவியை எனக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, ஐந்தை அமத்தியது.

எல்லாவற்றுக்கும் ஐந்தென்றால் ஹிப்-ஹொப் எப்படி முன்னால் நிற்கும்? அடுத்த பாட்டு, ஐந்து. அதற்கடுத்தது, ஐந்து. இடையில் கார்த்திக் தவறுதலாக விட்டுவைத்த கழிவுக்குழாய் துப்புரவு விளம்பரம் ஒன்று ஓடியது. அதற்கும் ஐந்து. நோர்வேஜியர்கள் ஒழுங்காக எல்லாவற்றுக்கும் மூன்று போட்டார்கள். அவர்களுக்கு எதுவும் 'ஹெல்ட் கிரெய்ட்', பரவாயில்லை என்று அர்த்தம். வானத்திலிருந்து தேவர்கள் இறங்கிவந்து பாடினாலும் ஹெல்ட் கிரெய்ட்தான்.

வெளியே போகும்போது சீலன் என் கையைப் பிடித்து, "எல்லாம் திறம் அக்கா. அந்தக் குழாய்க்காரன்ரை பாட்டும் நல்லாயிருந்தது" என்றார். ஆலோசகரும் ரோல்ஸ் தின்றுகொண்டே, "அற்புதம்" என்றார்.

மறுநாள் கூட்டம். ஆலோசகர் முகம் மலர்ந்திருந்தது. "நேயர்கள் ஹிப்-ஹொப்பை விரும்புகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் மென்மையான பாட்டுகளையும் அதே அளவு விரும்புகிறார்கள். ஆகவே மாற்றினால் ஒருவரையும் இழக்கமாட்டோம். நம் விளம்பரதாரரான பல் வைத்தியர் ஒருவரே எல்லா மென்பாட்டுக்கும் ஐந்து போட்டிருக்கிறார், பாருங்கள்."

"குழாய் விளம்பரத்துக்கும் ஐந்து போட்டிருக்கிறாரே?" என்றேன்.

"நல்ல விளம்பரம். அவர்களிடம் கட்டணத்தைக் கூட்டிக் கேட்கலாம்."

கூட்டம் முடிந்ததும் தர்ஷினி எனக்குப் பின்னால் வந்தாள். நடையில் வைத்து என்னை மறித்தாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

"ஏனடி அப்பிடிக் கேக்கிறாய்?"

"உங்கடை ரோல்ஸ் என்ரை வேலையைத் திண்டிட்டுது. எனக்கு விளங்காதே? எங்கடை சனத்துக்குச் சாப்பாட்டைக் குடுத்துப்போட்டு நல்லாயிருக்கோ எண்டு கேட்டால் என்ன சொல்லும்? சாமத்தியவீட்டிலை சோறு குழைஞ்சு களியாப் போனாலும் நல்லாயிருந்தது எண்டுதானே சொல்லிப்போட்டு வாறது? காரிலை ஏறினாப் பிறகுதானே உண்மை வரும்!"

காரில் ஏறின பிறகு! அவள் அழுதுகொண்டு சொன்னதுதான், ஆனால் எனக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. எங்கள் ஆட்களிடம் பிடித்திருக்கிறதா என்று கேட்பது வீண்வேலை. ஆனால் எந்தச் சாமத்தியவீட்டிலாவது, பிள்ளை பெரியவளான கொண்டாட்டத்தில், கடைசியில் ஐஸ்கிறீம் கொடுக்காமல் விட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் நடந்து, அதற்குப் பிள்ளை பிறந்த பிறகும் கதைப்பார்கள். அந்தப் பாலர் பாடசாலைத் தலைமை ஆசிரியை அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தார். மூன்றாவது சரணம் எங்கே?

பெரித்திடம் போனேன். "இந்த முடிவு பொய். ஆட்கள் எனக்காகப் புள்ளி போட்டார்கள்" என்றேன்.

"நோர்வேயில் மக்கள் நினைத்ததைத்தான் சொல்வார்கள்" என்றாள்.

"அப்படியா? நத்தார் பண்டிகைக்கு உன் மாமியார் சமைக்கிற அந்த லூட்டெஃபிஸ்க், சவர்க்காரம் போல வழுக்குகிற மீன், அதைப் பற்றி மாமியாரிடம் என்ன சொல்வாய்?"

பெரித் புதிய கரட் ஒன்றை எடுத்தாள். கனநேரம் மென்றாள். "அது வேறு" என்றாள். ஆனால் கதிரையை இழுத்து என்னை இருக்கச் சொன்னாள்.

இந்த இடத்தைத்தான் பிள்ளைகளே, நீங்கள் கவனிக்க வேண்டும். நான் சண்டை பிடித்திருக்கலாம். இன்னொரு சோதனை கேட்டிருக்கலாம், கிடைத்திருக்காது. நான் கேட்டது வேறு. "வெள்ளிக்கிழமை காலை, தர்ஷினியின் நேரத்தில், ஹிப்-ஹொப்பை முழுதாக எடுத்துவிட்டு மென்பாட்டுகளைப் போடுவோம். முன்கூட்டி யாருக்கும் சொல்லக்கூடாது. என்ன நடக்கிறது என்று பார்ப்போம்." ஆலோசகருக்கு வாயெல்லாம் பல். நான் தன் பக்கம் வந்துவிட்டேன் என்று நினைத்தார். தர்ஷினியும் அப்படித்தான் நினைத்தாள். அதற்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. விளக்கம் சொன்னால் அவள் ஒலிவாங்கியில் நடிக்கத் தொடங்கிவிடுவாள் என்று நானும் விட்டுவிட்டேன். ஒருவரும் கூப்பிடாவிட்டால்? என் கையாலேயே அந்தப் பிள்ளையின் வேலைக்குக் கொள்ளி வைத்தவளாகிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. தர்ஷினி கல் போல முகத்தை வைத்துக்கொண்டு வணக்கம் சொன்னாள். பியானோ அழத் தொடங்கியது. தொலைபேசி அடிக்கவில்லை. ஹவுகெட்டோவில் ரயில் தாமதம் என்று அறிவித்துவிட்டு அடுத்த பாட்டைப் போட்டாள். அதில் ஒரு பெண் தன் காதலனைக் கடற்கரையில் தேடினாள். தொலைபேசி அடிக்கவில்லை. ஆலோசகர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார்.

"பார்த்தீர்களா? ஒருவருக்கும் கவலையில்லை" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தர்ஷினி என்னைப் பார்த்த பார்வையில் நான் உயிரோடு எரிந்தேன்.

மூன்றாவது பாட்டு பாதியில் போகும்போது முதல் அழைப்பு வந்தது. பிறகுதான் விளங்கியது, முதல் இரண்டு பாட்டையும் ஏதோ கோளாறு என்று மரியாதையாகப் பொறுத்திருக்கிறார்கள். எடுத்தால், அதே பாலர் பாடசாலைத் தலைமை ஆசிரியை. "என்ன நடந்தது? நாட்டில் யாராவது இறந்துவிட்டார்களா?" என்று பதறினார். வைக்குமுன் அடுத்தது. எங்கள் தாதிப் பெண் ஒருத்தி. "அக்கா, ஆர் செத்தது? சோகப் பாட்டாப் போகுது." அடுத்தது மட்டக்களப்பு ஆள் ஒருவர். அவருக்கும் அதே கேள்விதான். ஊரில் பெரிய தலை ஒன்று போனால் வானொலியில் சோக இசை போடுகிற காலத்தில் பிறந்த சனம் வேறெதை நினைக்கும்? நோர்வேஜியக் குழாய் திருத்துநர் ஒருவர் மட்டும் யார் செத்தது என்று கேட்கவில்லை. யாரைக் கொல்ல வேண்டும் என்று கேட்டார்.

பிறகு சீலன் எடுத்தார். பெரித் கையைக் காட்ட, எல்லாருக்கும் கேட்கும்படி விட்டேன்.

"அக்கா, ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லைத் தம்பி."

"அப்ப என்னத்துக்கு உந்த ஒப்பாரி? நான் ஒராளின்ரை வாய்க்குள்ளை கையை வைச்சுக்கொண்டு நிக்கிறன். உந்தப் பாட்டுக்கு எனக்குக் கை ஓடுதில்லை. கதிரையிலை இருக்கிற மனுசனும் என்னவோ சொல்லுது, வாய் திறந்திருக்கிறபடியால் விளங்கேல்லை, ஆனால் கோவமாத்தான் சொல்லுது."

"உந்தப் பாட்டுக்கு நீர் மண்டபத்திலை அஞ்சு புள்ளி போட்டனீர்."

பல் துளைக்கிற மெசினை அவர் நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"என்ன அக்கா நீங்கள்? அண்டைக்கு ரோல்ஸ் தந்தனீங்கள். வடை தந்தனீங்கள். கேத்தலோடை பக்கத்திலை வேறை நிண்டனீங்கள். திண்ட வாயாலை எப்பிடி நல்லாயில்லை எண்டு சொல்லுறது? எங்களை என்ன, வளர்ப்பில்லாத ஆக்கள் எண்டு நினைச்சியளோ?"

பெரித் கார்த்திக்கைப் பார்த்தாள். கார்த்திக் எழும்பி நின்று, "அக்கா, அவர் பேசுறதுல பாதிதான் எனக்குப் புரிஞ்சுது. ஆனா அந்தப் பாதியே போதும்" என்று சொல்லிவிட்டு, நோர்வேஜிய மொழியில் விளங்கப்படுத்தினார். ஆலோசகரின் புன்னகை மெல்ல மெல்ல இறங்கியது. "யார் இந்த ஆள்?" என்றார்.

"உங்கள் படத்தில் வருகிற பல் வைத்தியர்" என்றேன்.

பெரித் கரட்டை மேசையில் வைத்தாள். மாமியாரின் மீனைப் பற்றி நினைத்தாளோ என்னவோ, எழும்பி நேரே ஒலிபரப்பு அறைக் கதவைத் திறந்து, "போடு!" என்றாள். எந்தப் பாட்டு என்று தர்ஷினி கேட்கவில்லை. அன்றைக்கு அவள் போட்டது மூன்று சரணமும் முழுதாக உள்ள பாட்டு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற நான் அழுதேன் என்று அவள் இன்றைக்கும் சொல்லித் திரிகிறாள். வெங்காயம் உரித்த கை என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலாளிகள் இறங்கி வந்தார்கள். காலை நிகழ்ச்சி தப்பியது, அலைவரிசையும் தப்பியது. ஆலோசகரின் மானத்தைக் காப்பாற்ற ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில் மென்பாட்டுக்கு ஒரு சின்ன இடம் கொடுத்தோம். ஒரு ஞாயிறு அதைப் போட மறந்தே போனோம். ஒருவரும் கூப்பிடவில்லை.

ஆகவே, கேட்ட பிள்ளைக்கு என் பதில் இதுதான். இளம் பிள்ளைகள் கேட்கிறார்களா, விளம்பரக்காரருக்குப் பிடிக்குமா என்று கேட்டுக்கொண்டு திரியாதீர்கள். அந்தப் பாட்டோடு வளர்ந்தவர்கள் இப்போது பல்லுப் பிடுங்குகிறார்கள், பாலர் பாடசாலை நடத்துகிறார்கள். நாளைக்கு முதியோர் இல்லத்தில் கஞ்சிக் கோப்பையோடு இருக்கும்போதும் மூன்றாவது சரணத்தை வெட்டினால் மணியை அடித்துத் தாதியைக் கூப்பிடுவார்கள். அப்படிக் கோபப்பட ஆள் இருக்கும்வரை எதிர்காலம் இருக்கிறது. புகழ்கிறவரைக் கணக்கில் எடுக்காதீர்கள். இல்லையென்றால் ஏசுகிறவரை எடுங்கள்.

எனக்கும் போகிற காலம் வந்தது. பிரியாவிடைக்குத் தர்ஷினி தன் கையாலேயே ரோல்ஸ் செய்துகொண்டு வந்தாள். எல்லாரும் சாப்பிட்டார்கள், எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். என்னைப் போல ஆள் கிடைக்காதாம். நானும் சிரித்துக்கொண்டு கேட்டேன். உள்ளுக்குள், திண்டவர்கள் வேறென்ன சொல்வார்கள் என்றுதான் ஓடியது. திங்கட்கிழமை தெரியும், நான் இல்லையென்றால் யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்போம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை கைபேசியைக் குசினி மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. செவ்வாயும் கூப்பிடவில்லை. துடைத்த கோப்பையையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். "உந்தப் போனை ஏன் முறைச்சுப் பார்க்கிறீர்?" என்று மனுஷன் கேட்டார். "ஒண்டுமில்லை" என்றேன். ஞாயிற்றுக்கிழமை மென்பாட்டுக்கும் எனக்கும் ஒரே கதிதான் போல என்று மனம் நொந்துபோயிற்று.

புதன்கிழமை காலை வெங்காயம் வதக்கிக்கொண்டு வானொலியைப் போட்டுவிட்டிருந்தேன். எனக்குத் தெரிந்த பாட்டு ஒன்று போனது. முதல் சரணம் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது தொடங்க வேண்டிய இடத்தில் சத்தம் மெல்லக் குறைந்து, விளம்பரம் வந்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்தை இன்னமும் என்னால் விளங்கப்படுத்த முடியவில்லை. அகப்பையை வைக்கவும் இல்லை, அடுப்பை நிறுத்தவும் இல்லை. நிலையத்துக்கு எடுத்தேன்.

"ஆரடி அந்தச் சரணத்தை வெட்டினது? அதிலைதானே பாட்டே இருக்குது! எந்தச் சோம்பேறியை அங்கை இருத்தி வைச்சிருக்கிறியள்?"

மறுபக்கம் தர்ஷினி. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளாப் பார்த்தன் அக்கா. நீங்கள் எடுக்கேல்லை. எனக்கும் எடுத்து 'ஐயோ அக்கா, நீங்கள் இல்லாமல் ஏலாது' எண்டு சொல்ல வெக்கமாயிருந்தது. அதுதான் வெட்டினனான்."

அவள் அதோடு விடவில்லை.

"இவ்வளவு வருசமும் பிடிக்குமோ எண்டு கேட்டால், நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டனீங்கள். இப்ப சொல்லுங்கோ பாப்பம்."

"விசர்க்கதை கதையாமல் மிச்சத்தைப் போடு" என்றேன்.

விளம்பரம் முடிந்ததும் போட்டாள். சட்டியில் வெங்காயம் கருகி மணந்தது. மனுஷன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுப்பை நிறுத்தினார். நான் அகப்பையும் கையுமாக நின்று, சரணம் முடியும்வரை கூடவே சொல்லிக்கொண்டிருந்தேன்.